பல்லில் கடித்த நூல்

என் இடது காதில் கீ என்ற சத்தம் தொடங்கியபோது, ஆம்பூரில் நான் ஆபீஸ் வேலை பார்த்த தோல் பதனிடும் டேனரியில் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். நான் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்று பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாள் முழுக்க எனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்த மேனேஜருக்கும் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். லைன் கிடைத்ததும் ரிசீவரை இடது தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிக்கொள்வேன். கைகள் சும்மா இருக்கக் கூடாதே. தோல் வாங்கும் பார்ட்டிகளுக்கு அனுப்பும் சாம்பிள் தோல் துண்டுகளுக்குச் சீட்டுக் கட்டுவதும் என் தலையில்தான். மெழுகு நூலின் ஒரு முனையைக் கடைவாயில் கடித்து இழுத்தால்தான் முடிச்சு இறுகும். மெட்ராஸ்காரர் பேசிக்கொண்டே போவார். நான் பல்லைக் கடித்தபடி 'ம்' கொட்டினால் போதும்.

யாராவது வந்தால் மேனேஜர் இதைக் காட்டிப் பெருமைப்படுவார். "ஒரே ஆளு, மூணு வேலை! படிச்சவன்னா இப்டி இருக்கணும்."

என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்புக்கு அவர் கண்டுபிடித்த உபயோகம் இது.

தோலை உருட்டும் டிரம் சுற்றும் கடகடப்பு எனக்குப் பழகிய ஒன்று. இது வேறு. ஒல்லியான விசில், நிற்கவே நிற்காது, சாயங்காலமானால் ஜாஸ்தியாகும். ஒருநாள் லைனில் சொன்ன அளவைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். மேனேஜர் நிமிர்ந்தார்.

"இன்னாப்பா, காது அவுட்டா?"

"உள்ள ஒரு சத்தம் கேக்குது சார்."

"முடியலன்னா சொல்லிடு. என் மச்சான் பையன் சும்மாதான் கீறான், அவன் போன் பாத்துக்குவான். நீ உங்கப்பனோட சுண்ணாம்புத் தொட்டிக்குப் போய்டு."

அப்பா அங்கேதான் பச்சைத் தோலை அலசிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தொட்டியில் இறங்கக் கூடாது என்பதற்காகத்தான் என்னைப் படிக்க வைத்தார். என் நாற்காலி போனால் அவர் பட்ட பாடு அத்தனையும் வீண்.

கடைத்தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். என் பெயரைக் கேட்கவில்லை. எங்கே வேலை என்று கேட்டார். டேனரி என்றதும் பேனாவைத் திறந்துவிட்டார்.

"மிஷின் சத்தம். நரம்பு செத்துப்போச்சு."

"சார், நான் ஆபீஸ்ல..."

"எல்லாம் ஒண்ணுதான்யா."

காதுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் சொட்டு மருந்து எழுதினார். எங்கள் ஊரில் யாருக்கு எந்த உறுப்பு கெட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். அதற்குப் படிப்பு எதற்கு, கிளிகூடச் சொல்லும்.

அப்பாவிடம் சொன்னேன். "அவன் கெடக்கிறான். வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போ நைனா. காதப் பாக்காம நாற்காலிய உட்றாத" என்றார்.

வேலூரில் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். இரண்டு காதும் நன்றாகக் கேட்டன. பிறகு ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார்.

"பல்லை நல்லாக் கடிங்க."

கடித்தேன். விசில் ஏறியது. தலையைச் சாய்த்து அவர் கையைத் தள்ளச் சொன்னார். விசிலின் சுருதியே மாறியது. காதுக்கு முன்னால், தாடை மூட்டில் விரலை வைத்து அழுத்தினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேலை எப்படிச் செய்வீங்க? செஞ்சு காட்டுங்க."

முழங்கால் தட்டும் சுத்தியலை ரிசீவராகத் தோளில் இடுக்கிக்கொண்டு, கட்டுத்துணி நாடாவைப் பல்லில் கடித்து இழுத்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"நாள் பூராவா? அப்புறம் காது கத்தாம என்ன செய்யும்? கழுத்து, தாடை நரம்பும் காது நரம்பும் மூளையில பக்கத்துப் பக்கத்துல போய்ச் சேருது. இங்க இழுத்தா அங்க சத்தம். ரெண்டு பழக்கத்தையும் விடுங்க. ஒத்தடம் குடுங்க. குறையும். முழுசாப் போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

என்னைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அன்றுதான்.

மறுநாள் காது சோதனைத் தாளை மேனேஜர் முன்னால் வைத்தேன்.

"காது நல்லா கீதா? அப்புறம் இன்னா பேஜாரு?"

"கழுத்தும் தாடையும் சார். இனிமே போனைக் கையிலதான் புடிப்பேன். நூலைக் கடிக்க மாட்டேன்."

"உங்கப்பன் ஈரத் தோலத் தூக்குறான். அவனுக்கு வராத கழுத்து வலி உனக்கு வந்துச்சா?"

"அவருக்கும் இருக்கு சார். யாரும் கேக்கல, அவ்ளோதான்."

என்னை நாற்காலியை விட்டு எழுப்ப அவருக்கு என் காது கெட்டிருக்க வேண்டியிருந்தது. அதுவோ நன்றாக இருந்தது. மச்சான் பையன் அவர் வீட்டிலேயே சும்மா இருந்தான்.

அன்று மாலை லாரிக்கு சாம்பிள் கட்டு போக வேண்டும். எனக்கு மெட்ராஸ் லைன் கிடைத்திருந்தது. ஒரு கையில் ரிசீவர், மறு கையில் பேனா. தோல் துண்டுகள் மேசையில் அப்படியே கிடந்தன. மேனேஜர் முனகிக்கொண்டே நூலை எடுத்தார், கடைவாயில் கடித்தார், வெடுக்கென்று இழுத்தார். முடிச்சு விழவில்லை. மேல் பல்செட் நூலோடு கைக்கு வந்துவிட்டது.

பொக்கை வாயால் என்னைத் திட்டினார். விசிலையும் மீறி ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.