ஏழு நாற்பது வண்டியின் நோயாளிகள்

சர்க்கரை வியாதி ரூபாய் நோட்டு வழியாகத் தொற்றும் என்று நான் இரண்டு மாதம் நம்பினேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து தொடங்காவிட்டால் மற்றது விளங்காது.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கடலூர் – சிதம்பரம் தனியார் பஸ்ஸில் இருபத்து நாலு வருடமாகக் கண்டக்டர். அதில் பன்னிரண்டு வருடம் ஒரே வண்டி, ஒரே டிரைவர். அவர் பெயர் ஸ்டீபன். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர், நான் திருவந்திபுரம் கோயிலில் மொட்டை போடுகிறவன். ஒரே இன்ஜின் பானெட் சூட்டில் பன்னிரண்டு வருடம் வெந்தவர்கள், அவ்வளவுதான் உறவு.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

1. இருபத்து மூன்று ஃபைல்

காலை ஏழு நாற்பதுக்குக் கடலூரில் எடுத்தால் ஒன்பதுக்கு முன்னால் சிதம்பரம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த வண்டியில் காலேஜ் பிள்ளைகளும் ஆபீஸ்காரர்களும் மீன் கூடைகளும்தான் ஏறும். எப்போதாவது ஒருவர் எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்து சீட்டுக்காரர் என்ன ஏது என்று விசாரிப்பார். இறங்கும்போது நாலு பேர் கைத்தாங்கலாக இறக்கிவிடுவார்கள். இப்போது மடியில் ஆஸ்பத்திரி ஃபைல் இல்லாதவரைப் பார்த்துத்தான், பாவம் இவருக்கு என்னவோ என்று விசாரிக்கத் தோன்றுகிறது.

ஒரு திங்கட்கிழமை ஆலப்பாக்கம் தாண்டியதும் எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று ஃபைல். எல்லாம் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம். நேராக முன்னால் போய் ஸ்டீபனிடம் சொன்னேன்.

"மாமா, வண்டியில இருபத்து மூணு நோயாளி."

"டிக்கெட் வாங்குனாங்களா?"

"வாங்குனாங்க."

"அப்ப அவுங்க பாசஞ்சர். பின்னாடி போய் நில்லு."

பின்னால் போனால் அங்கே இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. இப்பல்லாம் ஏன் இவ்வளவு பேருக்கு வியாதி என்று ஆளுக்கொரு காரணம். பெரியப்பட்டில் ஏறுகிற ஒருவர் பிராய்லர் கோழி என்றார். அவர் பக்கத்தில் நின்றவர் போன் டவர் என்றார். இன்னொருவர் பூச்சி மருந்து. ஜன்னலோரம் இருந்த அம்மா, "எங்க காலத்துல இந்த சுகரு பிரஷரு எல்லாம் ஏது?" என்றார். அவர் மடியிலும் ஒரு ஃபைல் இருந்தது.

செல்வி சிஸ்டர் தினமும் எங்கள் வண்டியில் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிற நர்ஸ். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"உங்க காலத்துல யாரும்மா டெஸ்ட் எடுத்தா? மயக்கமா வுழுந்தா காத்து கருப்புன்னு விபூதி போட்டீங்க. இப்ப அதுக்குப் பேரு தெரியுது. முன்ன அம்பதுல போனவுங்க இப்ப எழுபது வரைக்கும் இருக்காங்க, அதனாலயும் கூட்டம் ஜாஸ்தி."

"அப்ப புதுசா வியாதியே வரலன்னு சொல்றீங்களா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"வராம என்ன பண்ணும்? உக்காந்த இடத்துலயே வேலை. நேரத்துக்குச் சாப்பாடு கெடையாது, தூக்கம் கெடையாது. தண்ணி குடிக்கறதில்ல. எங்கனா வலிச்சா டாக்டர் கிட்ட போவாம கடையில மாத்திரை."

ஸ்டீபன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிஸ்டர் சொன்னது பாசஞ்சர்களைப் பற்றி என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

2. பஞ்சு

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் வண்டியில் இன்னும் கிழித்துத் தரும் டிக்கெட்தான். விரலை நாக்கில் தொட்டுத்தான் கிழிப்பேன். இருபத்து மூன்று நோயாளி கொடுத்த நோட்டை வாங்கின விரல், அடுத்த நிமிடம் என் நாக்கில். நினைத்துப் பாருங்கள். கொரோனா சமயத்தில்கூட இவ்வளவு யோசிக்கவில்லை. ஊரே பயந்தபோது கூட்டத்தோடு பயந்தேன். இது நானே சொந்தமாகக் கண்டுபிடித்த பயம்.

ஒரு சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்துக்கொண்டேன். அது முதல் பிரேக்கிலேயே கவிழ்ந்து டிக்கெட் கட்டு நனைந்தது. அப்புறம் ரப்பர் கையுறை போட்டேன். ஒரு டிக்கெட் கேட்டவருக்கு மூன்று டிக்கெட் கிழிந்து வந்தது. புதுச்சத்திரத்தில் ஏறிய ஒரு பெரியவர் கையுறையைப் பார்த்துவிட்டு, "என்னா கண்டக்டர், பிரசவம் எதுனா பாக்கப் போறியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அத்தோடு கையுறை போயிற்று.

பயம் போகவில்லை. பாசஞ்சர்கள் தங்களுக்குள் வியாதி பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக எனக்கும் வந்தது. திங்கட்கிழமை தைராய்டு. புதன்கிழமை இதயம். ஒருவர், கால் மரத்துப்போனால் அது சுகர்தான் என்றார். எனக்கும் கால் மரத்துப்போயிருந்தது. காலை ஐந்து மணியிலிருந்து நிற்கிறவனுக்குக் கால் மரக்காமல் பூவா பூக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

கடைசியில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை டெஸ்ட் எடுப்பது என்று முடிவு செய்தேன். ஸ்டீபனையும் கூப்பிட்டேன்.

"ரெண்டு பேரும் லீவு போட்டா வண்டிய யாரு ஓட்டறது? நீ போ மாப்ள. ரெண்டு பேருக்கும் சேத்து ரத்தம் குடுத்துட்டு வா."

போனேன். எல்லாம் நார்மல். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "வாயுத் தொல்லை இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை நாள் பயந்ததற்கு ஒரு கௌரவமான வியாதிகூட இல்லையே என்று கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. மறுநாள் ரிப்போர்ட்டை ஸ்டீபனிடம் காட்டினேன்.

"பரவால்ல, நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டார்.

3. ஒரு பாட்டில், ஆறு சிங்கிள்

ஒரு பக்கம் போவதை நாங்கள் சிங்கிள் என்போம். ஒரு நாளைக்கு ஆறு சிங்கிள். ஸ்டீபனின் சீட்டுக்கு அருகில் ஒரு லிட்டர் பாட்டில் இருக்கும். காலையில் நிரப்பினது மாலையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். சித்திரை வெயிலிலும் அதே கணக்கு. தண்ணீர் குடித்தால் இறங்க வேண்டும். இறங்க நேரம் கிடையாது.

சிதம்பரம் ஸ்டாண்டில் எங்களுக்கு ஆறு நிமிடம். கழிப்பறை கோடியில் இருக்கிறது, அங்கேயும் வரிசை. நாங்கள் ஒரு நிமிடம் தாமதித்தால் பின்னால் வருகிற வண்டிக்காரன் எங்கள் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போவான், முதலாளி போனில் கத்துவார். அதனால் ஸ்டீபன் இறங்குவதே இல்லை. அதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மற்ற வண்டிக்காரர்களிடம் நானே மார்தட்டியிருக்கிறேன். "எங்க மாமா கடலூர்ல ஏறினா ஏறினதுதான். ஒட்டகம் தோத்துடும்."

எப்போதாவது அவர் சீட்டை விட்டு எழுந்து கதவுப் பக்கம் கை வைப்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். "டைம் ஆயிடுச்சு மாமா" என்று விசிலை ஊதுவேன். அவர் மறுபடி உட்காருவார்.

அப்புறம் அந்த ரோஸ் மாத்திரை. டிரைவர்களுக்கு முதுகு வலி வருவது சம்பளம் வருவதைவிட நிச்சயம். ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் ரோஸ் நிறத்தில் ஒரு வலி மாத்திரை கொடுத்தார்கள். போட்டால் அரை மணியில் கேட்கும். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அதையும் டீயில்தான் முழுங்குவார். அவர்தான் இறங்க மாட்டாரே, வாரா வாரம் நான்தான் ஓடிப்போய் ரெண்டு அட்டை வாங்கி வருவேன். நாலைந்து வருடம். எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, மாமாவைக் கவனித்துக்கொள்கிறேன் என்று.

4. பி.முட்லூர்

என் ரிப்போர்ட் வந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஸ்டீபனுக்குக் காலையில் முகம் உப்ப ஆரம்பித்தது. நான் கேலி செய்தேன். "அக்கா சாப்பாடு ஒடம்புல ஒட்டுது மாமா. மூஞ்சி பூரியாட்டம் இருக்கு." செருப்பு காலுக்கு இறுகிப்போய் வெறுங்காலோடு ஓட்டினார். அதற்கும் ஏதோ கேலி சொன்னேன். என் காலில் ஒரு கொசு கடித்தால் மூன்று நாள் தடவிப் பார்க்கிற நான், அவர் காலை ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை, அதே ஏழு நாற்பது வண்டி. பி.முட்லூர் தாண்டினதும் ஸ்டீபன் வண்டியை ஓரங்கட்டினார். அவசரமில்லாமல் ஹேண்ட் பிரேக் போட்டார், இன்ஜினை நிறுத்தினார். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, மூச்சு வுட முடியல. பாசஞ்சர வேற வண்டியில ஏத்திவுட்டுடு."

மூன்று பேர் சீட்டைக் காலி செய்து அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். செல்வி சிஸ்டர் அவர் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். விரல் எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "எத்தினி நாளா இப்பிடி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெரியப்பட்டுக்காரர் தன் எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டே இருந்தார். நான் எண்ணிப் பயந்த அந்தக் கூட்டம்தான் அன்றைக்கு ஆட்டோவை மறித்து அவரைத் தூக்கி ஏற்றியது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். பிரஷர் பல வருடமாக இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. சூட்டில் தண்ணீர் இல்லாமல் வேலை செய்தது, அதற்கு மேல் அந்த வலி மாத்திரை. டாக்டர் என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இதை யார் கொடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து ஸ்டீபன் சொன்னார். "நானே கடையில வாங்கனது சார். இவுருக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நானும் திருத்தவில்லை.

5. மூன்றாம் நம்பர் சீட்

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி. ஸ்டீபன் முதுநகரில் ஏறுவார், மடியில் ஃபைல். டிரைவருக்குப் பின்னால் மூன்றாம் நம்பர் சீட். நான் டிக்கெட் கொடுக்காமல் தாண்டிப் போனால் கூப்பிட்டு வாங்குவார். "செக்கிங் வந்தா உனக்குத்தான் கெட்ட பேரு."

அந்தப் பழைய பாட்டிலைத்தான் கொண்டுவருவார். அதில் கால்வாசிதான் தண்ணீர் இருக்கும். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மூடி ஊற்றி நாக்கை நனைத்துக்கொள்வார்.

"அப்ப நேரம் இல்ல, இப்ப பர்மிஷன் இல்ல மாப்ள."

ஒரு நாள் கூட்டம் குறைவாக இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தான் மாமா விசில் ஊதுனேன்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ ஊதலன்னா முதலாளி ஊதியிருப்பாரு. வுடு."

"மாத்திரையும் நான்தான்."

"வலிச்சது, வாங்கியாந்த. வுடுன்றேன்ல." புது டிரைவரைக் காட்டினார். "இவுரு தண்ணி குடிக்கறாரா?"

இப்போது சிதம்பரம் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் புது டிரைவரை இறங்கச் சொல்கிறேன். அவர் போய்த் திரும்பி வந்து சீட்டில் உட்கார்கிற வரை விசில் என் சட்டைப் பையில் இருக்கும். இரண்டு நிமிடம் தாமதமாகிறது. பின்னால் வருகிற வண்டி கூட்டத்தை எடுத்துக்கொள்கிறது. முதலாளி போனில் கத்துகிறார். கத்தட்டும். வலி மாத்திரை கேட்டால் டாக்டரிடம் போகச் சொல்கிறேன். வருடம் ஒரு தடவை நானும் புது டிரைவரும் பிரஷர் பார்த்துக்கொள்கிறோம், ஒரே நாளில், லீவு போட்டு. நான் கற்றுக்கொண்ட தொழில் பாடம் இவ்வளவுதான். கற்றுக்கொள்ள இருபத்து நாலு வருடம் ஆயிற்று.

நோட்டு வழியாக எனக்கு எதுவும் தொற்றவில்லை. பாசஞ்சர்களிடமிருந்து ஸ்டீபனுக்கும் எதுவும் தொற்றவில்லை. பதினாலு மாதம் டயாலிசிஸ் செய்துகொண்டார். போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை முதுநகரில் வண்டி நின்றபோது அவர் ஏறவில்லை. இரண்டு நிமிடம் காத்திருந்தேன். ஆலப்பாக்கத்தில் அவர் வீட்டிலிருந்து போன் வந்தது. விடியற்காலையில் இறந்துபோயிருந்தார்.