டெஸ்மண்டின் ஒழுகாத கார்

டிசம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டே கால் மணிக்கு, 'மூன்று லாடம்' மதுக்கடையின் கார் நிறுத்தத்தில் டெஸ்மண்ட் வில்காக்ஸ் முழங்காலிட்டு, ஓர் இருமல் மருந்து பாட்டிலிலிருந்து தன் காருக்கு அடியில் எஞ்சின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். பதினொரு சொட்டு விட்டாயிற்று. பன்னிரண்டாவது விடலாமா என்று யோசித்தார். அளவுக்கு மீறினால் சந்தேகம் வரும் என்று மூடியைத் திருகி, பாட்டிலைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல உள்ளே போய் வறுத்த மாட்டிறைச்சி கேட்டார்.

அறுபத்து மூன்று வயது மனுஷர். கிடர்மின்ஸ்டர் கம்பள ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். பொய் சொல்லி ஒரு நாள் லீவு எடுத்தது கிடையாது. அப்பேர்ப்பட்டவரை இப்படி மண்டியிட வைத்தது அந்தக் கார்தான்.

கார் 1968ஆம் வருஷத்து ஹாலம். பச்சை நிறம், இரண்டே இருக்கை, மழை வந்தால் இழுத்துப் போர்த்தத் துணிக்கூரை. துணிக்கூரையைப் போர்த்தி முடிப்பதற்குள் பெரும்பாலும் மழை நின்றுவிடும். அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடி முப்பது வருஷம் ஆகிறது. அதன் கார்கள் மட்டும் இன்னும் ஓடுகின்றன, ஓடாத நாட்களில் ஒழுகுகின்றன. ஒழுகுவது ஹாலம் பிரியர்களுக்குக் குறையே அல்ல. 'மூன்று லாடம்' நடத்தும் டோரீன் தன் கார் நிறுத்தத்துக்குப் புதுத் தார் போட்ட வருஷம் ஒரு சட்டம் கொண்டுவந்தாள். "என் தங்கங்களா, அடியில அட்டை போடாம எவனும் இங்க வண்டி நிறுத்தக் கூடாது. மீறினா சாப்பாடு கிடையாது." அன்று முதல், மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே கூடும் ஹாலம் சங்கத்தார் ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய அட்டையை வண்டியடியில் விரித்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அட்டைகளை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, யாருடைய கறை பெரியது, யாருக்கு எந்த இடத்தில் ஒழுகியிருக்கிறது என்று ஜாதகம் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். நான்கு வருஷத்தில் அது சடங்காகவே ஆகிவிட்டது.

நவம்பரில் டெஸ்மண்டின் அட்டை வெள்ளை வெளேரென்று வந்தது.

எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் போல அட்டையைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார். ஒழுகாத ஹாலம் என்றால் உள்ளே எண்ணெய் சுத்தமாகத் தீர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். "திறய்யா பானெட்டை, உடனே எண்ணெய் ஊத்தணும்" என்று கீத் போகாக் பதறினார். சங்கத்தின் பத்திரிகையை நடத்துபவர், எதற்கும் முதல் ஆளாகப் பதறக்கூடியவர்.

"பானெட் பூட்டு இறுகிப்போச்சு. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறேன்" என்றார் டெஸ்மண்ட். காது இரண்டும் சிவந்துவிட்டது.

பக்கத்தில் அவருடைய நண்பர் ட்ரெவர் ஆஷ்வர்த் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்த வெள்ளை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். டெஸ்மண்டின் மனைவி பெரிலுக்கு ஒரே ஓர் ஆசை. அந்தக் காரில் உட்கார்ந்து அபெரிஸ்ட்வித் போய்க் கடலைப் பார்க்க வேண்டும். இருபத்து மூன்று வருஷத்தில் ஆறு முறை கிளம்பினார்கள். ஆறு முறையும் இழுவை வண்டியின் மேல் ஏறித் திரும்பி வந்தார்கள். இழுவை வண்டிக்காரனுக்கு ஊறுகாய் வைத்த ரொட்டி பிடிக்கும் என்று தெரிந்து, கிளம்பும்போதே அவனுக்கும் சேர்த்துக் கட்டி எடுத்துப் போகிற அளவுக்குப் பெரில் பக்குவப்பட்டிருந்தாள். போன கோடையில்தான் அவள் பொறுமை தீர்ந்தது.

"அடுத்த மே பதினாறு நமக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். அன்னிக்கு நான் கடலப் பாக்கணும்" என்றாள். "இந்தக் கார்ல போனா ரெண்டு பேரும் பாப்போம். இல்லேன்னா நான் பஸ்ல போய்ப் பாத்துட்டு உனக்கு ஒரு தபால் அட்டை போடறேன்."

செப்டம்பரில் ட்ரெவருக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். எட்டு வாரம் தங்கை வீட்டில் படுக்கை. அந்த எட்டு வாரத்தில் டெஸ்மண்ட், நொறுங்கிப்போன ஒரு சின்ன ஜப்பான் காரின் எஞ்சினை வாங்கி, ஹாலம் எஞ்சினைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைக்க முடியாததால் தோட்டத்துக் கொட்டகையில் போர்வை போர்த்திப் படுக்க வைத்துவிட்டு, ஜப்பான் எஞ்சினைப் பொருத்தினார். சாவியைத் திருப்பினார். முதல் திருப்பலிலேயே கார் கிளம்பியது. அப்படி ஒன்று அதற்குமுன் நடந்ததே இல்லை. அவருக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

சங்கத்துக்குத் தெரிந்தால் தொலைந்தார். கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் சங்கத்தின் முதல் விதி. ரேடியோ வைத்த ஒருவருக்குக் கண்டனக் கடிதம் போயிருக்கிறது. விதியைக் காப்பது பதிவாளர், அதாவது ட்ரெவர். வேலையில் இருந்த காலத்தில் கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற அதிகாரி. சொந்த மாமாவின் கறிக்கடைக்கே அபராதம் எழுதியவர்.

சங்கத்தைவிட்டு நீக்கினால் டெஸ்மண்ட் தாங்கிக்கொள்வார். ட்ரெவர் வராமல் போனால்தான் தாங்க மாட்டார். இருபது வருஷமாகச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ட்ரெவர் தன் சொந்தக் குவளையோடு வருவார். இருவரும் காருக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். ட்ரெவரின் மனைவி இறந்த வாரம்கூட அப்படித்தான் படுத்தார்கள். மூன்று மணி நேரம் கியர்ப்பெட்டியைப் பார்த்துக்கொண்டே ட்ரெவர் அழுதார். டெஸ்மண்ட் அவ்வப்போது ஸ்பேனரை மாற்றிக் கொடுத்தார். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு ரிப்பேர் இல்லாமல் இன்னொருத்தன் வீட்டுப் படி ஏறத் தெரியாது. சும்மா வந்தேன் என்று சொல்வதற்குக் கூச்சம்.

இடுப்பு தேறி, நவம்பரில் முதல் சனிக்கிழமை வந்த ட்ரெவர், "இன்னிக்கு என்ன ரிப்பேர்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் ஓடுது."

"ஒண்ணுமே இல்லையா?"

"இல்ல."

ட்ரெவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டீயைக் குடித்தார். குவளையைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை டெஸ்மண்ட் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே அவர் தன் காரைத் தானே உடைக்க ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் திருப்புளியோடு போவார். பானெட்டுக்கு உள்ளேயோ காருக்கு அடியிலோ கைவைத்தால் ட்ரெவருக்கு எஞ்சின் தெரிந்துவிடும். ஆகவே ஒரு வாரம் பின்விளக்கின் கம்பியை அறுத்தார். ஒரு வாரம் மழைத் துடைப்பானை வளைத்தார். இன்னொரு வாரம் கதவுக் கைப்பிடி. பிறகு ட்ரெவருக்குப் போன் செய்து, "மறுபடியும் படுத்தறதுய்யா" என்று சந்தோஷமாகச் சொல்வார். பெரில் ஒரு வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"என்ன பண்ற?"

"இருக்கைய ஆட வைக்கறேன்."

"நல்லா இருக்கறதையா?"

"நாளைக்கு ட்ரெவர் வரணும்ல."

பெரில் ஜன்னலை அகலத் திறந்தாள். "பேசாம சாப்பிடக் கூப்பிடேன், நார்மலா."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?" என்றார் டெஸ்மண்ட். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

அட்டைக்குத் தீர்வாக வந்தது இருமல் மருந்து பாட்டில். டிசம்பர் தொடங்கி ஒவ்வொரு மாதமும் பதினொரு சொட்டு. யாரும் வாய் திறக்கவில்லை. ட்ரெவர் ஆறு மாதமும் சனிக்கிழமை தவறாமல் வந்தார். ஒரு முறைகூடப் பானெட்டைத் திற என்று கேட்கவில்லை. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று டெஸ்மண்ட் நினைத்துக்கொண்டார்.

மே பதினாறாம் தேதியும் வந்தது. சங்கத்தின் ஆண்டுப் பயணமும் அதே ஞாயிற்றுக்கிழமை, அதே அபெரிஸ்ட்வித்துக்கு. பதினான்கு ஹாலம்கள் கிளம்பின. ஒன்று நின்றால் எல்லாமே நிற்க வேண்டும் என்பது பயண விதி. ஆனால் நான்கு கார்கள் ஒரேயடியாகப் படுத்துவிட, மிச்சமிருந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். வேல்ஸ் மலையேற்றத்தில் மழை பிடித்துக்கொண்டபோது இன்னும் நான்கு படுத்து, ஆறு கார்கள்தான் பாக்கி. கடலுக்கு இன்னும் இருபது மைல் இருக்கும்போது ட்ரெவரின் கார் இரண்டு முறை தும்மிவிட்டு நின்றது.

கீத் ஓடிவந்து எஞ்சினைக் குடைந்தார். "டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வெடிச்சிருக்கற மாதிரி இருக்கு. ஓடற வண்டியோட மூடிய மாட்டிப் பாத்தாத் தெரிஞ்சுடும்." சுற்றும் முற்றும் பார்த்தார். அறுபத்தெட்டாம் வருஷத்து எஞ்சினுக்கு, தீப்பொறிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் அந்த மூடியே தனி தினுசு. அங்கே நின்றதில் அந்த வருஷத்து வண்டி இன்னும் ஒன்றே ஒன்றுதான். "டெஸ்மண்ட்! உன் பானெட்டைத் தூக்கு."

"பூட்டு இறுகி..."

"ஆறு மாசமாவா இறுகியிருக்கு? தூக்குய்யா, மழ கொட்டுது!"

எல்லாரும் பச்சைக் காரைச் சுற்றி நின்றார்கள். உள்ளே பெரில் தின்பண்டக் கூடையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்மண்ட் இறங்கிப் போய்ப் பானெட்டின் விளிம்பில் விரலை நுழைத்தார். கதவுக் கைப்பிடி, பின்விளக்கு, பத்து மணிக் குவளை எல்லாம் இதோடு முடிந்தது என்று நினைத்தார்.

அந்த விளிம்பின் மேல் ஒரு கை வந்து அழுத்தியது. ட்ரெவரின் கை.

"அத எடுத்துப் பிரயோஜனமில்ல, கீத்" என்றார் ட்ரெவர். "அவன் மூடியும் வெடிச்சதுதான். போன சனிக்கிழமை நான்தான் பாத்தேன். ஏதோ புண்ணியத்துல ஓடிட்டிருக்கு. கழட்டினா ரெண்டு வண்டியும் இங்கயே நிக்கும்."

மாமாவுக்கே அபராதம் எழுதிய வாய் அது. டெஸ்மண்ட் அவர் முகத்தைப் பார்த்தார். ட்ரெவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னதான் பண்றது?" என்றார் கீத்.

"கயிறு இருக்கா டெஸ்?" என்று கேட்டார் ட்ரெவர். "கட்டி இழு."

"ஹாலத்தால ஹாலத்த இழுக்கறதா? இந்த ஏத்தத்துலயா? தன்னை இழுக்கறதுக்கே அதுக்குத் தெம்பு கிடையாதே!" என்றார் கீத்.

ஜப்பான் எஞ்சினுக்கு அந்தச் சேதி தெரியாது. அது ட்ரெவரையும், ட்ரெவரின் காரையும், பெரிலின் கூடையையும் சேர்த்து மலைமேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கியது. பின்னால் வந்த கீத் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடேயப்பா! அடேயப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தார். இரண்டரை மணிக்கு அபெரிஸ்ட்வித் கடற்கரைச் சாலையில் கயிற்றை அவிழ்த்தார்கள். கடல் சாம்பல் நிறத்தில், மழையோடு மழையாக, எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் கிடந்தது. பெரில் காரைவிட்டு இறங்காமல் ஒரு மணி நேரம் அதையே பார்த்தாள். இழுவை வண்டிக்காரனுக்குக் கட்டிய ஊறுகாய் ரொட்டியை ட்ரெவர் சாப்பிட்டார்.

அந்த வார இறுதிக்குள் சங்கப் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் கீத்தின் கட்டுரை: மாறுதல் ஏதும் செய்யாத அசல் ஹாலம் எஞ்சினின் வலிமை இதோ நிரூபணமாயிற்று. கீழே சாட்சிக் கையெழுத்து, ட்ரெவர் ஆஷ்வர்த், பதிவாளர்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ட்ரெவர் வந்தார். ஒரு கையில் குவளை. இன்னொரு கையில் பழைய ஜாம் பாட்டில், உள்ளே மைக் கறுப்பாக ஏதோ இருந்தது. அதை டெஸ்மண்டின் வேலை மேசையில் வைத்தார்.

"என் வண்டியிலேருந்து வடிச்சது. ரெண்டு வருஷத்துக்குப் போதும்."

டெஸ்மண்ட் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"புது எண்ணெயையா விடுவ மடையா, தேன் மாதிரி? தேன் நிறத்துல ஒழுகற ஹாலத்த நான் ஜென்மத்துல பாத்ததில்ல. டிசம்பர்லயே அந்த அட்டைய முதல்ல நான் உருவி, கறை இருக்குன்னு சொல்லி மடிச்சு வெச்சுக்கிட்டேன். ஆறு மாசமா அதத்தான் பண்ணிட்டிருக்கேன்." ட்ரெவர் டீயை ஊதிக் குடித்தார். "இன்னும் ஒரு சாண் பின்னாடி விடு. எல்லாருக்கும் அங்கதான் ஒழுகும்."

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?"

"சொல்லியிருந்தா உன்னப் பதிவிலிருந்து எடுக்கணும். எடுத்துட்டு, சனிக்கிழமை நான் எங்க போறது?"

இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரில் உள்ளேயிருந்து இன்னும் டீ வேண்டுமா என்று குரல் கொடுத்தாள். கடைசியில் ட்ரெவர் தொண்டையைச் செருமினார்.

"சரி. இன்னிக்கு என்ன ரிப்பேர்?"

டெஸ்மண்ட் காரைப் பார்த்தார். கடற்கரைக்குப் போய் வந்த களைப்பில் இந்த வெள்ளிக்கிழமை எதையும் உடைக்க மறந்துபோயிருந்தார். "ஒண்ணுமே இல்லையே" என்றார், பரிதாபமாக.

ட்ரெவர் குவளையை மேசைமேல் வைத்தார். திருப்புளியை எடுத்துக்கொண்டு, புது இடுப்பைப் பார்த்துப் பார்த்து மடக்கி, கதவருகே உட்கார்ந்து, கைப்பிடியின் முதல் திருகாணியில் வைத்தார்.

"இந்த வாரம் நான் கழட்டறேன்" என்றார். "நீ மாட்டு."