எங்கள் மணியைப் பார்த்துக்கொண்ட சரோஜாக்கா

சரோஜாக்கா போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் வசந்தி பண்ருட்டியிலிருந்து போன் செய்தாள். தூக்கத்திலேயே... "கஷ்டப்படலக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் இருந்தவர்களுக்கு இந்தப் பெயர் போதும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. மே மாதம் ஸ்கூல் லீவு விட்டதும் டவுன்ஷிப்பே காலியாகிவிடும். திருநெல்வேலி, கோயம்புத்தூர், பாலக்காடு என்று ஆளுக்கொரு ஊர்.

வளர்க்கிற நாயை எங்கே விடுவது? சரோஜாக்கா குவார்ட்டர்ஸில்தான்.

அவர் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் ஷிப்ட் வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம், நிறைய நிழல். நாய்களைக் கட்டிப்போடவே மாட்டார். வசந்தி ஒரு பக்கம் படுத்திருப்பாள், அவள் காலடியில் யாரோ வீட்டு நாய்.

நாயைக் கொண்டுவருபவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி: "வூட்ல இதுகிட்ட இன்னா பாஷை பேசுவீங்க?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்பார். எதிர்வீட்டு மலையாளி குடும்பத்து டைகருக்கு "இவிடெ வா" என்றால்தான் புரியும். சரோஜாக்கா பண்ருட்டிப் பக்கத்துக்காரர். அவர் வாயில் அந்த மலையாளத்தைக் கேட்க வேண்டுமே... டைகர் ஓடிவரும், நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எங்கள் நாய் மணி. முதல் வருஷம் விட்டுவிட்டுப் போனபோது, மறுநாளே தப்பித்து எங்கள் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டதாம். பூட்டிய கதவுக்கு முன்னால் படுத்துக்கொண்டு சோறு தண்ணீர் எதுவும் தொடவில்லை.

நாங்கள் ஊரிலிருந்து திரும்பியதும் பக்கத்து வீட்டு மாமிதான் சொன்னார். லீவு முடியும்வரை சரோஜாக்கா தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து ஊட்டியிருக்கிறார்.

அம்மா பதறிப்போய் ஓடினாள். "ஏன் சரோஜா, இழுத்துட்டுப் போய்க் கட்டிப்போட்டிருக்கலாம்ல?"

"அது உங்க வூட்டக் காவல் காத்துகினு இருக்குதுக்கா. அத்தப் போய் எப்பிடி இழுக்கறது? நானும் கூட ஒக்காந்துகினேன்."

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா ஹார்ட் அட்டாக்கில் போனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருநெல்வேலியில் மாமா பார்த்து வைத்தது சின்ன போர்ஷன். ஹவுஸ் ஓனர் நாய் கூடாது என்றுவிட்டார்.

லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. மணி சக்கரத்துக்கும் வாசலுக்குமாக அலைந்தது. சரோஜாக்கா வந்து, அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "சரோஜா, இனிமே மணிய நீயே..."

முடிக்கவிடவில்லை. "லீவுக்கு ஊருக்குப் போறீங்க, அவ்ளோதான். வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேன். கெளம்புங்கக்கா."

அப்பா போன நாளிலிருந்து கல்லாக இருந்த அம்மா, அன்றுதான் சரோஜாக்கா தோளில் சாய்ந்து அழுதாள்.

அடுத்த வருஷம் அப்பாவின் ஆபீஸ் பேப்பர் வேலையாக நாங்கள் நெய்வேலிக்குப் போயிருந்தோம். மணி என்மேல் பாய்ந்து கீழே தள்ளிவிட்டது... அங்கே விருந்தாளியாக வந்திருந்த ஒருவர் கேட்டார், "உங்க நாயாங்க?"

"இல்லீங்க, இந்தப் பாப்பா வூட்டு நாய். நான் பாத்துகினு இருக்கேன்."

கடைசிவரை மணி அவரிடம்தான் இருந்தது. கிழடாகி, கண் தெரியாமல் போனபோதும் கையால் ஊட்டியதாக வசந்தி சொல்வாள். அது செத்ததும் பலாமரத்தடியில் புதைத்தார்களாம்.

இன்று அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒருவழியாகச் சொன்னேன். அம்மா, "அவ வீட்ல இப்ப நாய் எதுவும் இருக்கான்னு கேளு" என்றாள்.

கேட்டேன்.

"ஒண்ணு இருக்குதுக்கா. பக்கத்து வூட்டுது. அவங்க இன்னும் ஊர்லேந்து வரல" என்றாள் வசந்தி.

போய்ட்டு வாங்க, சரோஜாக்கா.