இடது கண்ணு அடைச்சிருக்கு

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் துளி நம்பிக்கை கிடையாது, சாமி கும்பிடுவதே என் மனைவி கலாவுக்குப் பயந்துதான். சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இடுப்பு வலிக்கு மூன்று நாளாக மாத்திரை போட்டேன். இடுப்பு அடங்கியது, மூன்றாம் நாள் சாயங்காலம் இடது கண் கிளம்பியது, உள்ளே யாரோ காற்றடிக்கிற மாதிரி. தெருவிளக்கு எரிந்ததும் பார்க்கிறேன், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வானவில் வளையம், எங்கள் பதினெட்டாவது பிளாக் முழுக்கத் திருவிழா. மயங்கிப் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே குனிந்து செம்பருத்திச் செடியில் வாந்தி எடுத்தேன்.

"சாம்பல் விழுந்திருக்கும், கசக்காதீங்க," என்றாள் கலா, ஜன்னலுக்குள்ளிருந்து. நெய்வேலியில் கண்ணுக்கு எது வந்தாலும் அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான்.

அப்போதுதான் கேட்டருகே ஒரு ஆள் வந்து நின்றார். காக்கிச் சட்டை, தோளில் நீளக் கம்பி.

"கண்ணு அடைச்சிக்கினு கீதுங்க. உள்ள தண்ணி ஊறிக்கினே கீது, வெளிய போவ வழியில்ல."

எங்கள் தெருமுனைச் சாக்கடைப் பாலத்துக்குத் தண்ணீர் போக இரண்டு கண். மெயின்டனன்ஸ் ஆள் என்று நினைத்து, "எந்தக் கண்ணுங்க?" என்றேன்.

"எடது கண்ணு. ராவுக்குள்ள பாக்கலன்னா போயிடும்."

"காலையில பாத்துக்கலாமே?"

"ஒங்க இஷ்டங்க." போய்விட்டார்.

கலாவுக்குப் பாலத்தின் நினைப்பே இல்லை, இடது கண் போயிடும் என்பது மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது. "வாசல் தேடி வந்து சொல்றாரு மனுஷன், இவரு காலையிலயாம்!" ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

கண் டாக்டரம்மா அழுத்தத்தை அளந்தார், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "சிலருக்கு இது இப்படிப் பண்ணும். கண்ணுக்குள்ள தண்ணி ஊறுது, வெளிய போற வழி பிளாக்."

"பதினெட்டு," என்றேன், பழக்கதோஷம்.

"விடியற வரைக்கும் விட்டிருந்தா பார்வை போயிருக்கும் சார்."

சொட்டு மருந்து, மறுநாள் லேசரில் ஒரு பொடித் துளை. கண் பிழைத்தது, கூடவே ஒரு கண்ணாடியும் வந்து சேர்ந்தது.

மெயின்டனன்ஸ் ஆபீசில் யாரையும் அனுப்பவில்லை என்கிறார்கள். பாலத்தின் இரண்டு கண்ணிலும் தண்ணீர் ஜோராக ஓடுகிறது. பக்கத்து வீட்டு ரஜியா அக்காவிடம் கேட்டேன்.

"அந்த ஆளா? மொதல்ல எங்க வூட்டுக்குத்தான் வந்தாரு. கண்ணாடி போட்ட சார் வூடு எதுன்னாரு. இங்க யாரும் கண்ணாடி போடலியேன்னேன். 'போடுவாரு'ன்னுட்டு உங்க கேட்டுக்கு நடந்தாரு."

இப்போதெல்லாம் தூங்கும்போதுகூட நான் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. வலது கண் பாக்கி இருக்கிறதே, அந்த ஆள் வீடு மாறிப் போய்விடக் கூடாது.