எண்பது பைசா வட்டி

திருத்தணியில் புருஷன்மார்கள் பெண்டாட்டியிடம் மாட்டிக்கொள்ள எத்தனையோ வழி இருக்கிறது. சீட்டாட்டம், குடி, பக்கத்து ஊரில் இன்னொரு அடுப்பு என்று அவரவர் வசதிக்கு ஏற்ப மாட்டிக்கொள்வார்கள். வீட்டுக்கு மாசாமாசம் மூவாயிரம் ரூபாய் அதிகமாகக் கொண்டுவந்து கொடுத்து மாட்டிக்கொண்ட ஒரே மனுஷன் பச்சையப்பன்தான்.

ஆளுக்கு வயது ஐம்பத்திரண்டு. கே.ஜி.கண்டிகைப் பக்கம் பரம்பரை நிலம், வேர்க்கடலை வெள்ளாமை. பத்தாம் வகுப்பு வரை போனார். அதற்கு மேல் வகுப்பு போனது, இவர் போகவில்லை. ஆனால் கல்யாண விஷயத்தில் யோகக்காரர். பி.எஸ்சி. கணக்குப் படித்த புஷ்பலதா வந்து வாய்த்தார். பெண் பார்க்கப் போன அன்றைக்கு பொதட்டூர்பேட்டைக்காரர்கள், "மாப்ள எவ்ளோ படிச்சிகீறாரு?" என்று கேட்டார்களாம். இவருடைய பெரியப்பா கொஞ்சமும் அசராமல், "அஞ்சு ஏக்கரா படிச்சிகீறான்" என்றாராம். அந்தப் பதிலிலேயே தட்டை மாற்றிவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

புஷ்பலதா வீட்டு மாடியில் தகர ஷீட் போட்டு டியூஷன் நடத்துகிறார். பேங்க் பரீட்சை, சர்க்கார் பரீட்சை என்று எழுதுகிற பிள்ளைகள் கணக்குக்கு வருவார்கள். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தின் கீழ் உட்கார்ந்தால் கணக்கு வருகிறதோ இல்லையோ, மயக்கம் வரும். தகரத்தைப் பிரித்துவிட்டு கான்கிரீட் தளம் போட வேண்டும் என்பது அந்தம்மாவின் பல வருஷத்து ஆசை.

போன வருஷம் ரோடு போட பச்சையப்பன் நிலத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்கள். பத்து லட்சம் வந்தது. வந்த மறுநாளே புஷ்பலதா புருஷனை மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போய், கற்பூரத்தின் மேல் கையை நீட்டச் சொன்னார். "இந்தப் பணத்துல ஒரு பைசா வெளிய வட்டிக்கு வுட மாட்டேன்னு சொல்லுங்க. பேங்க்ல கெடக்கட்டும். தளம் போடற அன்னிக்கு முழுசா எடுக்கணும்." பச்சையப்பன் சொன்னார். கை சுட்டதால் கொஞ்சம் சீக்கிரமாகவே சொன்னார்.

இங்கே வட்டிப் பேச்சு ஒன்று தெரிய வேண்டும். பேங்க்காரர்கள் வருஷத்துக்கு ஆறு பர்சென்ட் என்பார்கள். நம் ஊரில் அப்படிச் சொன்னால் யாருக்கும் மண்டையில் ஏறாது. நூறு ரூபாய்க்கு மாசம் எவ்வளவு என்பதுதான் பேச்சு. அந்தக் கணக்கில் பேங்க் ஆறு பர்சென்ட் அம்பது பைசா வட்டி. கடைத்தெருவில் கைமாற்றாக வாங்கினால் ரெண்டு ரூபா வட்டி. பத்து லட்சத்துக்கு அம்பது பைசா வட்டி என்றால் மாசம் ஐயாயிரம். முதல் இரண்டு மாசம் அந்த ஐயாயிரத்தை பச்சையப்பன் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றாம் மாசம் வெங்கடேசன் வந்தான். புஷ்பலதாவின் சொந்தத் தம்பி. பொதட்டூர்பேட்டையில் நாலு பவர்லூம் ஓட்டுகிறவன். பஸ் ஸ்டாண்டில் பச்சையப்பனை ஓரங்கட்டினான்.

"பாவா, ஒரு ரெண்டு லட்சம் இருந்தா இன்னும் ரெண்டு தறி போட்டுடுவேன். ரெண்டு ரூபா வட்டி, மாசம் பொறந்தா கையில வச்சிடறேன். அக்காவுக்கு மட்டும் தெரிய வாணாம்."

அக்காவுக்குத் தெரியக் கூடாததற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வெங்கடேசன் புதுவீட்டுப் பத்திரிகையில் சித்தப்பன், பெரியப்பன், வீடு கட்டிய மேஸ்திரி வரை பெயர் போட்டு, பச்சையப்பன் பெயரை விட்டுவிட்டான். பச்சையப்பன் போய் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வந்தார். புஷ்பலதாதான் தம்பியோடு பேச்சை நிறுத்தினார். ஆக, இந்தப் பணத்தைக் கொடுத்தால் சத்தியமும் போச்சு, அக்கா தம்பி பகையிலும் கை வைத்தாச்சு. தெரிந்தால் அதோடு குடித்தனம் முடிந்தது என்று பச்சையப்பனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மாசம் நாலாயிரம் வட்டி என்று காதில் விழுந்த பிறகு அவருக்கு வேறு எதுவும் சரியாக விழவில்லை. கொடுத்துவிட்டார்.

அந்த மாசம் பேங்க்கில் மீதி எட்டு லட்சத்துக்கு வட்டி நாலாயிரம் வந்தது. வெங்கடேசன் நாலாயிரம் கொடுத்தான். ஐயாயிரத்தை வீட்டில் கொடுத்துவிட்டு மூவாயிரத்தைப் பாக்கெட்டில் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்றைக்கென்று பார்த்து புஷ்பலதா, மலைக்கோயில் குருக்கள் வீட்டு ஸ்ரீகண்டனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஸ்ரீகண்டன் இன்னா அழகா பணத்த பெருக்கறாரு! ஃபோன்லயே பாத்துப் பாத்துப் போடறாரு. சில பேருக்கு பேங்க்குக்குப் போய்ட்டு வரவே பொழுது சரியா பூடுது."

அந்த "சில பேரு" யார் என்பது பச்சையப்பனுக்குப் புரிந்தது. வேட்டி மடிப்பிலிருந்து எட்டாயிரத்தையும் எடுத்து மேசையில் வைத்தார்.

"இன்னாங்க இது?"

"பேங்க்ல வட்டிய ஏத்திட்டாங்க."

"எவ்ளோ ஆக்கிட்டாங்க?"

"எண்பது பைசா."

"ஓகோ" என்றார் புஷ்பலதா. அன்றைக்கு ராத்திரி ரசத்தோடு அப்பளமும் ஆம்லெட்டும் வந்தது. அப்பளத்தைக் கடித்தபோதே பச்சையப்பனுக்கு உறைத்தது, இனிமேல் ஒவ்வொரு மாசமும் எட்டாயிரம் கொடுத்தாக வேண்டும் என்று.

நாலு மாசம் ஓடியது. கடையில் சிமெண்டுக்கும் கம்பிக்கும் முன்பணம் கொடுத்து, பாக்கியை மாசம் மூவாயிரமாகக் கட்ட புஷ்பலதா ஏற்பாடு செய்துகொண்டார். பச்சையப்பனுக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அவரிடமும் ஒரு கணக்கு இருந்தது. அம்பது பைசாவும் ரெண்டு ரூபாயும் சேர்ந்தால் ரெண்டரை ரூபாய். பாதி பண்ணினால் ஒன்றேகால். எங்கே கூட்டி எங்கே வகுத்தாலும் எண்பது பைசா வராது. அந்தம்மா எவ்வளவு படித்திருந்தாலும் வராத கணக்கை எப்படிப் பிடிப்பார்? இப்படி நினைத்து மனுஷன் நிம்மதியாகத் தூங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு டீ வாங்கிவரச் சொன்னார் புஷ்பலதா. பிளாஸ்க்கும் பேப்பர் கப்புமாக மாடிப்படி ஏறினார் பச்சையப்பன். பாதிப் படியில் புஷ்பலதாவின் குரல் கேட்டது.

"எழுதிக்கோங்க. ஒருத்தர்கிட்ட பத்து லட்சம் இருக்கு. கொஞ்சத்த பேங்க்ல போட்டாரு, அம்பது பைசா வட்டி. மிச்சத்த வெளிய வுட்டாரு, ரெண்டு ரூபா வட்டி. மாசம் மொத்தமா எட்டாயிரம் வருது. எங்க எவ்ளோ போட்டாரு?"

பச்சையப்பனின் வலது கால் மேல்படியில், இடது கால் கீழ்ப்படியில். அப்படியே நின்றார்.

அம்சா என்ற பெண் எழுந்தாள். "மிஸ், ரெண்டு வட்டியையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஒன்னேகா ரூபா வருது. பத்து லட்சத்துக்கு எட்டாயிரம்னா எண்பது பைசாதான். கணக்கு தப்பா கீது மிஸ்."

நல்ல பெண், நன்றாக வருவாள் என்று பச்சையப்பன் மனசுக்குள் வாழ்த்தினார்.

"கணக்கு சரியாதாம்மா கீது. ஆளுதான் சரியில்ல" என்றார் புஷ்பலதா. "ரெண்டு பக்கமும் சமமா போட்டிருந்தாதான் ஒன்னேகா ரூபா. கயிறு இழுக்கற போட்டி பாத்திருக்கீங்க இல்ல? அதிகம் பேர் இருக்கற பக்கம்தான் கயிறு போவும். இங்க சராசரி எண்பது பைசா. அது அம்பதுகிட்டருந்து எவ்ளோ தள்ளி நிக்குது?"

"முப்பது பைசா மிஸ்!"

"எரநூறுகிட்டருந்து?"

"நூத்தியிருவது!"

"அப்ப கயிறு எந்தப் பக்கம் போயிருக்கு?"

"பேங்க் பக்கம் மிஸ்!"

"எத்தினி மடங்கு? நூத்தியிருவத முப்பதால வகுத்துப் பாருங்க. நாலு. பேங்க் பக்கம் நாலு பேர் இழுத்தா, வட்டிக்கட பக்கம் ஒருத்தர் இழுக்கறாரு. பத்து லட்சத்த நாலுக்கு ஒன்னுன்னு பிரிங்க."

தகரக் கூரை அதிர ஒரே குரலாகப் பதில் வந்தது: "எட்டு லட்சம் பேங்க்ல, ரெண்டு லட்சம் வெளிய மிஸ்!"

பச்சையப்பன் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். திரும்பி இறங்கிவிடலாம் என்று ஒரு காலைத் தூக்கினார். அதற்குள் கனிமொழி என்கிற வாயாடி கேட்டாள்: "மிஸ், அந்த ஆளு ஏன் மிஸ் ரெண்டு லட்சத்த வெளிய வுட்டாரு?"

"அது கணக்குல வராதும்மா. அத வீட்லதான் கேக்கணும்." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "படியில நிக்கறவரு உள்ள வாங்க. டீ ஆறிப்பூடுது."

உள்ளே போய் டீ ஊற்றினார். பாதி கப்பில், பாதி தரையில். கனிமொழி விடவில்லை. "நீங்க சொல்லுங்க அங்கிள், அந்த ஆளு ஏன் அப்படி பண்ணாரு?"

"பாவம்மா, நல்ல மனுஷனாதான் இருப்பாரு" என்றார் பச்சையப்பன்.

பிள்ளைகள் போனதும் சமையலறையில் விசாரணை தொடங்கியது. புஷ்பலதா கத்தவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"பேங்க்ல வட்டி ஏறினா ஊருக்கே தெரியும். நம்ம வூட்டுக்கு மட்டும் தனியா ஏத்த நீங்க இன்னா மேனேஜருக்கு மச்சானா? எவ்ளோ வெளிய வுட்டீங்க?"

ரெண்டு லட்சத்தை எப்படியாவது குறைத்துச் சொல்ல வேண்டும். பச்சையப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. "நீ ரெண்டு ரூபான்னு போட்டதுதான் தப்பு புஷ்பா. நான் வுட்டது மூணு ரூபா வட்டிக்கு."

புஷ்பலதா கத்தியை நிறுத்தாமல் மனசுக்குள் போட்டார். "அப்ப ஒரு லட்சத்து இருவதாயிரம்."

"ஆங், அவ்ளோதான்!" மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

"மூணு ரூபா வட்டிக்கு வாங்கறவன் எவன்? திருப்பிக் குடுக்கற நெனப்பே இல்லாதவன்தான் வாங்குவான். அப்ப என் தளத்துக்கு வச்ச பணம் போச்சு."

மலர்ந்த முகம் சுருங்கியது. "இல்லம்மே, தெரிஞ்ச ஆளு. நல்ல ஆளு. அதான் ஒரு ரூபா வட்டிக்கே குடுத்தேன்."

"ஒரு ரூபாவா?" கத்தி நின்றது. "அப்ப ஆறு லட்சம் குடுத்திருக்கீங்க!"

வட்டியைக் குறைத்தால் அசல் இப்படி ஏறும் என்று அவர் கண்டாரா? "ஐயோ, ஆறும் இல்ல ஏழும் இல்ல! ரெண்டு லட்சம்தான், ரெண்டு ரூபாதான்! ஆள வுடு!"

"யாருக்கு?"

பச்சையப்பன் கீழே கிடந்த வெங்காயத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"ஒன் தம்பிக்குதான்."

புஷ்பலதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமா வேறா என்று தெரியவில்லை. "ஒங்க பேரப் போடாத பத்திரிகைக்காக நான் கூடப் பொறந்தவன்கிட்ட மூணு வருசமா பேசல. நீங்க அவன்கூட பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிகினு கீறீங்க. ஒங்களுக்கோசரம் ரோசப்பட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்!"

"குடுத்தது தப்புதாம்மே" என்று பச்சையப்பன் தரையைப் பார்த்தார். இதோடு முடிந்தது என்று நினைத்தார். இரண்டாவது இடி அப்போதுதான் இறங்கியது.

"யோவ்! அதுவும் என் தம்பிகிட்டயே ரெண்டு ரூபா வட்டியா? மாசம் நாலாயிரம் அவன்கிட்ட புடுங்கினுகீறியா? அவன் பொண்டாட்டி புள்ளைங்க இன்னா துன்னும்? ஒனக்கு மனசாட்சி கீதா?"

பச்சையப்பனுக்கு வழக்கே புரியவில்லை. கொடுத்தது குற்றமா, வட்டி வாங்கியது குற்றமா என்று ஒரு முடிவு சொன்னால் அதற்கு ஏற்றபடி மன்னிப்பு கேட்கலாம். ரெண்டுமே என்றால் எந்தக் காலில் விழுவது?

புஷ்பலதா அங்கேயே ஃபோனை எடுத்துத் தம்பிக்குப் போட்டார். மூன்று வருஷத்துக்கு அப்புறம் முதல் பேச்சு இப்படி இருந்தது: "டேய் வெங்கடேசா, நாந்தான். அழுவாத, சொல்றதக் கேளு. இந்த மாசத்துலருந்து அம்பது பைசா வட்டி குடு, போதும். ஆனா தை மாசத்துக்குள்ள ரெண்டு லட்சமும் திரும்பி வரணும், தளம் போடணும். இன்னொண்ணு, அடுத்தவாட்டி பத்திரிகை அடிச்சா மொத பேரு ஒன் பாவாவுதா இருக்கணும்." அந்தப் பக்கம் அழுகிற சத்தம் இங்கே அடுப்பு வரைக்கும் கேட்டது.

ஃபோனை வைத்துவிட்டு புருஷன் பக்கம் திரும்பினார். "எட்டு லட்சம் அம்பது பைசா. ரெண்டு லட்சம் அம்பது பைசா. இப்ப சராசரி எவ்ளோ?"

"அம்பது பைசா" என்றார் பச்சையப்பன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கு சரியாக வந்தது.

"மாசம் எவ்ளோ வரும்?"

"ஐயாயிரம்."

"சிமெண்ட் கடைக்கு மாசம் மூவாயிரம் கட்டணுமே, அது எங்கருந்து வரும்?"

"அதாம்மே, எங்கருந்து வரும்?"

"வட்டி ஏத்தின பேங்க்லருந்து வரும்" என்று அவர் மார்பில் விரலால் ஒரு குத்து குத்தினார் புஷ்பலதா.

அப்படித்தான் பச்சையப்பன் ஷேர் ஆட்டோக்காரர் ஆனார். வாடகை வண்டி. காலையில் திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை, சாயங்காலம் ஆர்.கே.பேட்டை ரோடு. ஊர்க்காரர்கள் ஏறும்போதே, "இன்னா பச்சையப்பா, வட்டி வசூலுக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அவர் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கிக்கொள்வார்.

முதல் மாசம் முடிந்த அன்றைக்கு, கசங்கிய பத்து ரூபாய் நோட்டும் காசுமாக மூவாயிரத்தை மேசையில் கொட்டினார். புஷ்பலதா எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நாப்பது ரூபா அதிகமா கீதே?"

பச்சையப்பன் முகத்தில் வேர்த்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடைசி நாலு சவாரியில் யார் எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள், யார் மீதிச் சில்லறை வாங்காமல் போனார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்ல ஆரம்பித்தார்.