மொட்டைத் தலையும் மகளின் பார்வையும்

என் மகள் என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்த அன்று, வெண்ணந்தூரிலிருந்து நாமக்கல் வரை பைக்கில் பாடிக்கொண்டே போனேன். வாய்க்குள் பூச்சி போனதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரசவத்துக்குப் போன மனைவி பிள்ளையோடு வெண்ணந்தூரில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். நான் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். வாரத்துக்கு ஒருமுறைதான் போய்ப் பார்க்க முடியும். ரெண்டு மாதப் பிள்ளை, தூக்கிப் பிடித்த என்னையே வெறித்துப் பார்த்துவிட்டு, பல்லில்லாத வாயை அகலமாகத் திறந்தது. தூக்கத்தில் வந்துபோகிற சிரிப்பு இல்லை. எனக்கென்றே சிரித்த சிரிப்பு.

அடுத்த வாரம் பழனிக்குப் போனேன். பிரசவம் நல்லபடியாக முடிந்தால் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். மீசையையும் சேர்த்தே எடுக்கச் சொன்னேன். சாமிக்குக் கொடுக்கும்போது பாதி வைத்துக்கொண்டு பாதி கொடுக்கிற ஆள் இல்லை நான். தலை முழுக்கச் சந்தனத்தோடும் கையில் பஞ்சாமிர்த டப்பாவோடும் நேராக வெண்ணந்தூரில் போய் இறங்கினேன்.

மகளைத் தூக்கினேன். குரல் கேட்டு என் பக்கம் திரும்பினாள். கண் என் நெற்றிக்கு மேலே எதையோ தேடியது, கொஞ்சம் அலைந்தது, பிறகு எனக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கம்பிகளிடம் போய் நின்றுகொண்டது. சிரிப்பு வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன், நாக்கை நீட்டினேன், புருவத்தைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்குக் கம்பிதான் பிடித்திருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது.

என் தொழில் அப்படி. பொரித்த அன்றே பண்ணைக்கு வந்து சேரும் குஞ்சு, பெட்டியிலிருந்து எடுத்து விட்டதும் தீவனத்தைப் பார்த்துக் கொத்தும். கொத்தாமல் ஓரமாக நின்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது கண்ணின் மேல்தான். எத்தனையோ ஆயிரம் குஞ்சுகளை அப்படிப் பார்த்துப் பழகியவன், ரெண்டு மாதத்துக்கு மேல் ஆன பிள்ளை, பெற்ற அப்பனைப் பார்க்காவிட்டால் என்ன நினைப்பேன்? பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லியே விட்டேன். போன வாரம் சிரித்தது என் குரலைக் கேட்டுத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

வீடே திரண்டு எனக்கு நிரூபிக்க வந்தது. மாமியார் கிலுகிலுப்பையை ஆட்டினார், பிள்ளை திரும்பியது. மனைவி வளையலைக் குலுக்கினாள், திரும்பியது. மாமியார் இன்னொரு பக்கம் போய் நின்று கை தட்டினார், அதற்கும் திரும்பியது.

"நல்லாத்தானே பாக்குது மாப்ள. நீங்க சித்த சும்மா இருங்க."

இதெல்லாம் காதுக்கு வைக்கிற பரீட்சை என்று கத்தினேன். தன்னைப் பார்த்துத் தினமும் சிரிக்கிறாளே என்று மனைவி கேட்டாள். உன் பால் வாசம் அவளுக்குத் தெரியும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, எம்புள்ள என்ன கோழிக்குஞ்சா? வுட்டதும் கொத்தறதுக்கு?"

கோபித்துக்கொண்டாலும், மறுநாள் காலை சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எனக்கு முன்னால் அவள்தான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்கப் பிள்ளையின் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் அவளுக்கும் பயத்தை ஒட்டிவிட்டேன்.

அங்கே குழந்தைகளுக்கென்றே இருந்த கண் டாக்டர் அம்மா, முதலில் ஒரு சின்ன விளக்கைப் பிள்ளையின் கண்ணில் அடித்துப் பார்த்தார். முட்டைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்தால் உள்ளே செக்கச்செவேல் என்று தெரியுமே, அந்த மாதிரி ரெண்டு கண்ணும் ஒரே அளவாக ஒளிர்வதாகவும், உள்ளே மறைப்பு எதுவும் இல்லை என்றும் சொன்னார். பிறகு மனைவியின் வளையல்களைக் கழற்றச் சொன்னார். யாரும் வாய் திறக்கக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஆளை எப்படித்தான் கண்டுபிடித்தாரோ.

நீளமான ஒரு சாம்பல் நிற அட்டையை எடுத்தார். அதன் ஒரு பாதியில் கருப்பும் வெள்ளையுமாகக் கோடுகள், மறு பாதி வெறும் சாம்பல். நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அட்டையைப் பிள்ளைக்கு எதிரே பிடித்துக்கொண்டு, அந்த ஓட்டை வழியாக அவள் கண்ணைக் கவனித்தார். பார்க்க எதுவும் இல்லாத பக்கத்தைவிடக் கோடு இருக்கிற பக்கத்தைத்தான் பிள்ளைகள் விரும்பிப் பார்க்குமாம். கோடு தெரிந்தால்தானே அந்தப் பக்கம் போக முடியும்!

மகளின் கண் கோட்டின் பக்கம் போனது.

டாக்டர் அட்டையை இடம் வலமாகத் திருப்பிப் பிடித்தார். கண்ணும் கூடவே அந்தப் பக்கம் போனது. கொஞ்சம் சன்னமான கோடுகள் கொண்ட அட்டை வந்தது, அதையும் பிடித்துவிட்டாள். சத்தம் இல்லை, வாசம் இல்லை, வெறும் கண்ணால்! "பாக்கறா!" என்று எழுந்து குதித்தேன். டாக்டர் என்னை வெளியே உட்கார வைப்பதாக மிரட்டினார். இன்னும் சன்னமான கோடுகள் வந்தபோது அவள் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தக் கோடுகள் இப்போதைக்கு அவளுக்கு வெறும் சாம்பல்தான், இந்த வயதுக்கு இது போதும், பார்வை மாதா மாதம் கூர்மையாகும் என்றார் டாக்டர்.

அப்படியென்றால் என்னை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். அவர் என் தலையைப் பார்த்தார். இது எப்போது போட்ட மொட்டை என்று விசாரித்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த வயசுல முகம்னா அதோட ஓரம்தாங்க தெரியும். கருப்பு முடி எங்க முடிஞ்சு நெத்தி எங்க ஆரம்பிக்குதோ, அந்த எடம். உங்க பொண்ணுக்கு அப்பான்னா முடியும் மீசையும்தான். ரெண்டையும் பழனியில குடுத்துட்டு வந்துட்டீங்க."

மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். முடி வளரும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். அதற்குள் அவள் பார்வையே ஓரத்தை விட்டு நடுவுக்கு இறங்கி வந்துவிடும், அடிக்கடி முகத்தைக் காட்டுங்கள் என்றார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பண்ணை வேலை முடிந்ததும் வெண்ணந்தூருக்குப் பைக்கை விரட்டினேன். குளிக்காமல் பிள்ளையைத் தொட மாமியார் விடமாட்டார். குளித்துவிட்டு வந்து, ஒரு முழ தூரத்தில் என் முகத்தை வைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பேன். நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை என் மனைவி கல்யாணத்துக்குப் பிறகு பார்த்ததே இல்லை. மகள் என் நெற்றியைப் பார்ப்பாள், காதைச் சுற்றிப் பார்ப்பாள், ஜன்னலுக்குப் போய்விடுவாள்.

தலையில் முடி முள்முள்ளாக எட்டிப் பார்க்க ஆரம்பித்த ஒரு சாயங்காலம், அவள் பார்வை நெற்றியிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. என் கண்ணுக்கு வந்ததும் நின்றது. நான் மூச்சுகூட விடவில்லை. வாய் அகலமாகத் திறந்தது. சிரித்தாள்.

நான் போட்ட சத்தத்தில் மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். மனைவிக்கு மட்டும் சந்தேகம்.

"முடி மொளைச்சிருச்சுங்க, அதான் அடையாளம் தெரிஞ்சுருக்கு."

நான் சண்டை போடவில்லை. கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, ஒரு முடிகூடத் தெரியாமல் புருவம் வரை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். வளையலைக் கழற்றிவிட்டு வரும்படி மனைவிக்குச் சைகை காட்டினேன். மறுபடியும் மகளின் எதிரே போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் துண்டைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. நேராக என் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.