மண் பூசிய மெட்டி

சினிமாவுக்காகக் குணசுந்தரி மெட்டியைக் கழற்றினாள் என்று புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் இன்னமும் பேசுகிறார்களே, அது சுத்தப் பொய். அவள் கழற்றவில்லை, மண்ணைப் பூசி மறைத்தாள். இரண்டும் ஒன்றாகிவிடுமா?

எழுபத்து மூன்றாம் வருஷம் அது. மூடிக்கிடந்த ரைஸ் மில்லில் மெட்ராஸ் சினிமா கம்பெனி ஒன்று வந்து இறங்கியது. முகமூடிக் கொலைகாரன் ஒரு கன்னிப் பெண்ணைப் பிடித்து அடைத்து வைக்கிற கதை. வக்கில்லாத கம்பெனி. உரச் சாக்கில் இரண்டு ஓட்டை போட்டால் அதுதான் முகமூடி. உமியில் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று கதாநாயகி காரேறிப் போய்விட்டாள். முகம் தெரிய வேண்டாம், கட்டிப்போட்ட கையும் காலும் போதும் என்று, தண்ணீர் மொண்டு கொடுக்கப் போன குணசுந்தரியை உட்காரச் சொன்னார்கள். புருஷன் அப்பாவுவைக் கேட்டுத்தான் உட்கார்ந்தாள். அவனும் தலையாட்டினான். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கன்னிப் பெண் காலில் மெட்டி எதற்கு, கழற்று என்றார் டைரக்டர். கழற்றவே மாட்டேன் என்றாள். ஏரி மண்ணைக் குழைத்து விரல்களில் அப்பிக்கொண்டாள். கொலைகாரனாக முகமூடி போட்டு நடித்த பரசுராமன் சாக்குக்குள்ளேயே தும்மிக்கொண்டு, கட்டும்போதெல்லாம் கேட்பான்:

"கயிறு இறுக்குதாக்கா? சொல்லு, தளத்துறேன்."

படம் டென்ட் கொட்டகைக்கு வந்தபோதுதான் வினை பிடித்தது. குதிகால் தழும்பை வைத்து ஊரே அவளை அடையாளம் கண்டுகொண்டது. விரலில் மெட்டி தெரியவில்லை. யாரோ சிரித்தார்கள். அப்பாவு பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டான். சினிமா கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே அவனுக்கு வயிற்று வலி உண்டு. அதுவும் இவள் மெட்டி கழற்றிய பாவம்தான் என்றாள் எதிர் வீட்டிலிருந்த அவன் அம்மா பூவம்மாள்.

"இன்னொரு தபா போய்ப் பாருய்யா. வெரலு தடிப்பா தெரியும். அது மண்ணு" என்று குணசுந்தரி கெஞ்சினாள். அதற்குள் கொட்டகையில் வேறு படம் போட்டுவிட்டார்கள். பழைய படப்பெட்டி எந்த ஊருக்குப் போனதென்று கொட்டகைக்காரனுக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து அப்பாவு கழனிக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனான். நாற்று நட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அறுத்ததையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். படத்தில் மில்லில் அடைபட்ட பெண்ணுக்காக ஐயோ ஐயோ என்று அழுத அதே ஜனம், தினம் இந்தப் பூட்டைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போனது.

தை மாதம் ஒரு மத்தியானம் அப்பாவு சாப்பிட வந்து கதவைத் திறந்தான். வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து, விளக்கெண்ணெய் தடவி, அவள் மெட்டியை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்றே?"

"கழட்டாததுக்கே பூட்டு போட்ட. இந்தா, இப்பதான் கழட்டுறேன்."

இரண்டு மெட்டியையும் அவன் கையிலிருந்த பூட்டின்மேல் வைத்தாள். படியைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்தாள். விரல்களில் வெளுத்த தடம் இரண்டு பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் அவள் மண் பூசவில்லை.